நிரம்ப விடாத குளம்

மாரி இறங்குவதற்கு முன்னர், புரட்டாதிக் கடைசியில், குளக்கட்டை ஒரு முறை கால்நடையாகச் சுற்றிப் பார்த்து வருவது என் அப்பாவின் வழக்கமாக இருந்தது. கையில் நீளமான தடியொன்றை எடுத்துக்கொண்டு போவார். புல் மூடிய சரிவில் எலி வளையோ நண்டுப் பொந்தோ தென்பட்டால் தடியை உள்ளே செலுத்தி ஆழம் பார்ப்பார். ஆழமானதென்றால் மறுநாள் இரண்டு மூன்று கமக்காரர் சேர்ந்து வந்து அந்த இடத்தை வெட்டித் திறந்து, களிமண் இட்டு, இடித்து இறுக்கிவிடுவார்கள். வன்னியின் சிறு குளங்கள் பலவும் இப்படி வருடாவருடம் யாரோ சிலரின் கண்ணும் கையும் பட்டதால்தான் நின்றிருக்கின்றன.

நான் சிறுமியாக இருந்த ஒரு வருடம், கட்டின் அடிப்புறத்தில் ஒரு கசிவு காணப்பட்டது. மழைக்கு முன் அதைத் திருத்தி முடிப்பதற்கு ஆளும் இல்லை, நாளும் இல்லை. கமக்காரர் கூட்டம் கூடி, அந்த மாரியில் குளத்தை நிரம்ப விடுவதில்லை என்று முடிவெடுத்தது. மழை பெய்யப் பெய்யத் துருசைத் திறந்து நீர்மட்டத்தைத் தாழ்த்தியே வைத்திருந்தார்கள். அடுத்து வந்த சிறுபோகத்தில் வயல்களில் சிறு பங்குக்கு மட்டுமே நீர் கிடைத்தது, மிச்சம் தரிசாகக் கிடந்தது. வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர்களுக்கு அது அழிந்துகொண்டிருக்கும் குளமாகவே தெரிந்திருக்கும். அது தன்னைக் காத்துக்கொண்டிருந்த குளம் என்பது ஊராருக்குத் தெரியும்.

இந்தக் காட்சியை நான் பல வருடங்களாக நினைத்ததில்லை. அப்பாவின் கடைசி இரண்டு வருடங்களில்தான் அது திரும்பி வந்தது. எண்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் உடம்பு வற்றத் தொடங்கியது. குறிப்பிட்டுச் சொல்லும்படியான நோய் எதுவும் அவருக்கு இருக்கவில்லை. சாப்பாட்டின் அளவு குறைந்தது, தோளும் தொடையும் மெலிந்தன, பகலிலும் குளிர்கிறதென்று போர்வை கேட்டார். "சோத்தைப் பிசைஞ்சு வச்சாலும் ரெண்டு வாயோட தள்ளிப்போடுறார், வத்திக்கொண்டு போறார் பிள்ளை" என்று அம்மா ஒவ்வொரு நாளும் என்னிடம் முறையிடுவார். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவள். முதுமையில் அனுசேபம், அதாவது உணவைச் சக்தியாக்கி உடலை நடத்தும் வேலை, மெதுவாகிறது என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால் ஏன் மெதுவாகிறது, எது அதை மெதுவாக்குகிறது என்று எனக்குள் நானே கேட்டுக்கொண்டது அப்போதுதான். அந்தக் கேள்வி என்னை நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரிலுள்ள எராஸ்மஸ் மருத்துவ நிலையத்தின் சுண்டெலிகளிடம் கொண்டுபோய் விட்டது.

அந்தச் சுண்டெலிகளிடம் இருந்த குறை ஒன்றே ஒன்று. தமது டி.என்.ஏயில் ஏற்படும் பழுதை அவற்றால் சரிவரத் திருத்த முடியாது.

டி.என்.ஏ பழுதடைவது எப்போதோ நேரும் விபத்தல்ல. கலத்தின் உள்ளே இருக்கும் நீரும் உடல் வெப்பமுமே அதற்குப் போதும். ஒரு மனிதக் கலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 இடங்களில், டி.என்.ஏ இழையிலிருந்து அதன் எழுத்துகள் போன்ற மூலங்களில் ஒரு வகையான பியூரின் மூலங்கள் தாமாகவே கழன்று விழுகின்றன. டி.என்.ஏ பாறைபோல் உறுதியான மூலக்கூறு என்று பலரும் நம்பியிருந்த காலத்தில் இதை அளந்து காட்டியவர் தோமஸ் லிண்டால். அவரும் போல் மொட்ரிச், அசீஸ் சான்சார் ஆகியோரும் இந்தத் திருத்தப் பொறிமுறைகளை விளக்கியதற்காக 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தானாகச் சிதைவது போதாதென்று, நாம் உண்ணும் உணவை எரிக்கும்போது உண்டாகும் ஒட்சிசன் மூலிகங்கள், வெயிலின் புறவூதாக் கதிர், புகை என்று வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் பழுது வந்துகொண்டேயிருக்கிறது. அதற்கு ஈடாகக் கலத்துக்குள் திருத்த வேலையும் இரவு பகலாக நடக்கிறது.

திருத்த வேலையில் பல வகை உண்டு. ஒரு மூலம் மட்டும் கெட்டிருந்தால் அந்த மூலத்தை மட்டும் கழற்றி மாற்றும் வகை ஒன்று. இழையே கோணிப்போகும்படியான பெரிய பழுதென்றால், பழுதின் இருபுறமும் வெட்டி, ஏறத்தாழ 30 நியூக்கிளியோதைட்டுகள் நீளமான துண்டை முழுதாக அகற்றி, எதிரிழையைப் பார்த்துப் புதிதாக நிரப்பும் வகை இன்னொன்று. அப்பாவும் கமக்காரரும் வளையை வெட்டித் திறந்து களிமண் இட்டதற்கும் இதற்கும் முறையில் பெரிய வேறுபாடு இல்லை. இந்த இரண்டாம் வகையில் ஒருபுற வெட்டைச் செய்யும் கத்தி, இஆர்சிசி1, எக்ஸ்பிஎஃப் என்னும் இரண்டு புரதங்கள் ஒன்றாகச் சேர்ந்தது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கத்தி மழுங்கிவிடும். வெயில் பட்டாலே தோலில் புற்றுநோய் தோன்றும் ஒரு பரம்பரை நோய்க்கு இந்தத் திருத்தக் குறைவே காரணம் என்பதை ஜேம்ஸ் கிளீவர் 1968இல் காட்டியிருந்தார். அதனால் திருத்தம் கெட்டால் புற்றுநோய் வரும் என்ற ஒரே கோட்டில்தான் நீண்டகாலம் எல்லோரும் சிந்தித்தார்கள். நான் படித்ததும் அதுதான், பல வருடங்கள் கற்பித்ததும் அதுதான்.

ஆனால் இஆர்சிசி1 முற்றாக அற்ற சுண்டெலிகள் புற்றுநோய் வரும்வரை இருக்கவில்லை. ஆய்வுகூடச் சுண்டெலியொன்று சாதாரணமாக இரண்டு மூன்று வருடங்கள் வாழும். இவை நான்கு வாரங்கள் அளவிலேயே முதுமையடைந்து இறந்தன. முதுகு கூனியது, தசை தளர்ந்தது, ஈரலும் சிறுநீரகமும் கெட்டன, வளர்ச்சி நின்றது. லோரா நீடர்ன்ஹோஃபர், யான் ஹூய்மேக்கர்ஸ் ஆகியோரின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு, அதே கத்தியின் மறுபாதியான எக்ஸ்பிஎஃப் பழுதுபட்டுப் பிறந்து, 15 வயதிலேயே முதியவரின் உடலைப் பெற்றுவிட்ட ஒரு சிறுவனின் நோயிலிருந்து தொடங்கியது. அந்தச் சிறுவனிடம் கண்ட முதுமை சுண்டெலிகளிடமும் இருந்தது. அவற்றின் ஈரலில் எந்தெந்தப் பரம்பரை அலகுகள் (மரபணுக்கள்) கூடுதலாகவும் எவை குறைவாகவும் வேலை செய்கின்றன என்று அவர்கள் அளந்து பார்த்தார்கள்.

அங்கே கண்டதுதான் என்னை நிறுத்தியது. வளர்ச்சி ஓமோனும், அதன் சொல்லைக் கேட்டு ஈரல் சுரக்கும் ஐ.ஜி.எஃப்.1 என்னும் வளர்ச்சிக் காரணியும் சேர்ந்த பாதை முழுவதும் தணிக்கப்பட்டிருந்தது. உணவை எரித்துச் சக்தி பெறும் பணி குறைந்திருந்தது. ஒட்சியேற்ற எதிர்ப்பும் நச்சு நீக்கமும் போன்ற பாதுகாப்புப் பணிகள் கூடியிருந்தன. சுண்டெலிகளைப் படித்தவர்களுக்கு இந்தக் கோலம் முன்னரே அறிமுகமானது. இது உணவு குறைத்து வளர்க்கப்பட்டு நீண்டநாள் வாழும் சுண்டெலியின் கோலம். வளர்ச்சி ஓமோனைச் சுரக்கும் கபச்சுரப்பியின் குறைபாட்டினால் குள்ளமாகப் பிறந்து, ஆனால் தம் இனத்து மற்றவற்றைவிட மிக நீண்ட காலம் வாழும் சுண்டெலிகளின் கோலமும் இதுவே. நான்கு வாரத்தில் சாகும் உயிரின் ஈரலும், எல்லோரையும் விட நீண்ட நாள் வாழும் உயிரின் ஈரலும் ஒரே கணக்கை எழுதிக்கொண்டிருந்தன.

இதை வாசித்தபோது எனக்கு நிரம்ப விடாத அந்தக் குளம் நினைவுக்கு வந்தது. கட்டில் பழுது இருக்கிறது, திருத்த முடியவில்லை, ஆகவே நீர்மட்டத்தைத் தாழ்த்து, விதைப்பைக் குறை, இருப்பதைக் காத்துக்கொள். மெலிவும் குளிரும் வளர்ச்சி நின்றதும் பழுது நேரடியாகச் செய்த சேதம் மட்டுமல்ல. பழுதைக் கண்ட உடல் தானே எடுத்த ஒரு முடிவும் அவற்றுள் இருக்கிறது.

இது என் ஊகமல்ல. ஆய்வாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். திருத்தத் திறன் முழுமையாக உள்ள சாதாரணச் சுண்டெலிகளுக்கு, டி.என்.ஏயின் இரு இழைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும் மைற்றோமைசின் என்னும் மருந்தைச் சிறிது சிறிதாகத் தொடர்ந்து கொடுத்தார்கள். அவற்றிலும் இதே ஓமோன் பாதை தணிந்தது. பரம்பரை அலகில் விகாரம் இல்லாமலே, பழுது மட்டும் கூடினாலே போதும் என்பது இதனால் தெளிவானது. பின்னர் 2009இல், கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களின் மீது புறவூதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தபோது, உடலோ ஈரலோ கபச்சுரப்பியோ எதுவும் அருகில் இல்லாத அந்தக் கலங்களும் வளர்ச்சி ஓமோனுக்கும் ஐ.ஜி.எஃப்.1க்கும் உரிய வாங்கிகளைக் குறைத்துக்கொண்டன. இந்த இடத்தில் என் குளத்து உவமை பொருந்தாமல் போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்களூரில் கூட்டம் கூடித்தான் துருசைத் திறந்தார்கள். உடலிலோ ஒவ்வொரு கலமும் தன் வாசலுக்குத் தானே காவலாக நின்று, வளரச் சொல்லும் செய்தியை உள்ளே விடாமல் தடுக்கிறது.

2007இல் அதே ரொட்டர்டாம் குழுவினர் இன்னொரு வகைச் சுண்டெலியை விவரித்தனர். கொக்கேய்ன் (Cockayne) நோய்த்தொகுதி என்றொரு பரம்பரை நோய் இருக்கிறது. பிள்ளைகள் வளராமல், மெலிந்து, செவியும் பார்வையும் குன்றி, பலரும் பதின்ம வயதைத் தாண்டுவதற்குள் இறந்துபோவார்கள். அந்த நோய்க்குரிய சி.எஸ்.பி குறைபாட்டுடன் எக்ஸ்.பி.ஏ என்னும் இன்னொரு திருத்தப் புரதமும் இல்லாத குட்டிகள், பிறக்கும்போது ஏனைய குட்டிகளைப் போலவே இருந்தன. இரண்டு வாரத்துக்குள் வளர்ச்சி தேங்கியது. குருதியில் குளுக்கோசு தாழ்ந்தது, ஐ.ஜி.எஃப்.1 தாழ்ந்தது, ஆனால் உடல் கொழுப்பைச் சேமிக்கத் தொடங்கி ஈரலில் கொழுப்பு படிந்தது. தாய்ப்பால் மறக்கும் வயதுக்கு முன்னரே அவை இறந்தன. பால் குடித்துக்கொண்டிருக்கும் குட்டி, பஞ்ச காலத்தில் இருப்பதைப் போலத் தன் உடலை நடத்துகிறது. குருதியில் சீனி இல்லை, ஆனால் களஞ்சியத்தில் நெல்லை அடுக்குகிறது.

எல்லாத் திருத்தக் குறைவும் மெலிவில் முடிவதில்லை என்பதையும் வகுப்பில் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் மாணவர்கள் ஒரே விதியாக மனனம் செய்துவிடுவார்கள். ஒட்சியேற்றத்தால் கெட்ட தனி மூலங்களை மாற்றும் திருத்தப் பாதையில் நீல்1 என்றொரு நொதியம் உண்டு. அது இல்லாத சுண்டெலிகள் சாதாரண உணவிலேயே பருத்தன, ஈரலில் கொழுப்பு ஏறியது, குருதியில் இன்சுலின் கூடியது என்று 2006இல் எழுதினார்கள். ஓ.ஜி.ஜி.1 என்னும் அதன் உறவு நொதியம் இல்லாதவை கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்தபோது மற்றவற்றைவிட எளிதாகப் பருத்தன என்று 2012இல் எழுதினார்கள். இங்கே கூனும் குறுகிய ஆயுளும் இல்லை. இது நம் ஊர்களில் நீரிழிவுக் கிளினிக்கில் வரிசையாக அமர்ந்திருப்பவர்களின் உடலை ஒத்தது. எந்தப் பழுது திருத்தப்படாமல் கிடக்கிறது என்பதைப் பொறுத்து உடலின் பதிலும் மாறுகிறது. கொழுப்பு விடயத்தில் இவ்வளவு எதிரெதிராக நிற்கும் பதில்களை ஒரே சூத்திரத்தில் அடைக்க முயல்வதை நான் விரும்பவில்லை.

பழுதுக்கும் அனுசேபத்துக்கும் இடையே இன்னும் நேரடியான ஓர் இணைப்பு இருக்கிறது. டி.என்.ஏ இழை முறிந்த இடத்தைக் கண்டதும் ஓடிவந்து கொடி நாட்டி ஏனைய திருத்தப் புரதங்களை அழைக்கும் பார்ப்1 என்னும் புரதம், அந்தக் கொடியை என்.ஏ.டி என்னும் மூலக்கூறிலிருந்தே செய்கிறது. உணவிலிருந்து இலத்திரன்களைச் சுமந்து, கலத்தின் சக்தி நிலையமான இழைமணிக்குக் கொண்டுபோகும் வண்டியும் அதே என்.ஏ.டிதான். உயர்தர வகுப்பில் கலச் சுவாசம் படித்த எவருக்கும் அது தெரியும். பழுது தீராமல் பார்ப்1 ஓயாமல் கொடி நாட்டிக்கொண்டிருந்தால், சக்தி தரும் வண்டிகள் குறைந்துபோகும். சி.எஸ்.பி குறைபாடுள்ள சுண்டெலிகளில் இப்படி நடப்பதை 2014இல் காட்டியவர்கள், அவற்றுக்குக் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்தபோது ஈரல் அந்தக் கொழுப்பிலிருந்து கீற்றோன்கள் என்னும் எரிபொருளை உண்டாக்க, அந்தக் கோளாறுகளில் பல தணிந்தன என்றும் கண்டார்கள்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய ஆய்வுக்கு வருகிறேன். இஆர்சிசி1 முற்றாக அற்றுப்போகாமல், சிறிதளவு மட்டும் வேலை செய்யும்படியான சுண்டெலிகள் நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை வாழ்கின்றன. ஹூய்மேக்கர்ஸின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், இவற்றுக்கு ஏழாவது வாரத்திலிருந்து உணவைப் படிப்படியாகக் குறைத்து, 30 சதவீதம் குறைவாகக் கொடுத்தார்கள். முதல் பார்வையில் இது கொடுமையாகத் தோன்றும். ஏற்கெனவே மெலிந்து, வளர்ச்சி குன்றி, குளுக்கோசு தாழ்ந்து கிடக்கும் உயிரிடமிருந்து உணவையும் பறிப்பதா? ஆனால் உணவுக் குறைப்பு தொடங்கிய பின் எஞ்சியிருந்த இடைநிலை ஆயுள் ஆண் சுண்டெலிகளில் 10 வாரங்களிலிருந்து 35 வாரங்களாகவும், பெண் சுண்டெலிகளில் 13 வாரங்களிலிருந்து 39 வாரங்களாகவும் உயர்ந்தது. மருந்தோ மரபணு மாற்றமோ இன்றி, வெறும் உணவுக் குறைப்பால். வயிறார உண்டவற்றைவிட அவற்றின் மூளையில் 50 சதவீதம் அதிகமான நரம்புக் கலங்கள் எஞ்சியிருந்தன. மற்றவை இறந்துபோன வயதுக்கு நெடுநாள் பின்னரும் அவை தடுமாறாமல் நடந்தன. எக்ஸ்.பி.ஜி என்னும் வேறொரு திருத்தப் புரதம் அற்ற சுண்டெலிகளும் இதே வகையில் பயனடைந்தன.

இதைச் சென்ற தவணையில் என் வகுப்புக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும் இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து நின்றாள்.

"ரீச்சர், அப்ப பட்டினி கிடந்தா நல்லதெண்டோ சொல்லுறியள்?"

வேறெந்த ஊரிலும் அது சாதாரணக் கேள்வியாக இருந்திருக்கும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அது அப்படி இல்லை. அந்த வகுப்பில் இருந்தவர்கள் 2009இல் தாயின் இடுப்பில் இருந்த பிள்ளைகள். அவர்களைச் சுமந்து கடற்கரை வரை நடந்த தாய்மார் பலநாள் அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியில் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். மே மாதத்தில் அந்தக் கஞ்சியை இன்றும் காய்ச்சி வீதியோரங்களில் வழங்குகிறார்கள். உணவு குறைந்தால் ஆயுள் கூடும் என்ற வாக்கியத்தை இந்த மண்ணில் நின்று சொல்பவர், எந்த உணவு, யாருக்கு, எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. நான் விட்டிருந்தேன். அந்தப் பிள்ளை என்னைத் திருத்தினாள்.

ஆகவே அன்று மணி அடித்த பிறகும் அவர்களை இருத்தி விளக்கினேன். கூட்டில் அடைபட்டு, ஓடித் திரியாமல், எந்நேரமும் முன்னால் உணவு இருக்கும் சுண்டெலியின் அளவிலிருந்துதான் அந்த 30 சதவீதம் கழிக்கப்படுகிறது. நோய்க்கிருமி இல்லாத, தூய்மையான கூட்டில், ஒவ்வொரு நாளும் தவறாமல் உணவு வரும் என்ற உறுதியில் அது வாழ்கிறது. பட்டினியில் அந்த உறுதி கிடையாது; புரதமும் உயிர்ச்சத்தும் சேர்ந்தே போகின்றன, தொற்று வருகிறது, பயம் வருகிறது. வளரும் பிள்ளைக்கு உணவைக் குறைப்பதற்கு இந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை. முதியவருக்கும் இல்லை. இதை நான் அவர்களுக்குச் சொன்னபோது எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் 2016 ஆய்வை முதன்முதலில் வாசித்த அன்றிரவு, அப்பா தட்டைத் தள்ளிவிட்டபோது, அவர் உடலுக்குத் தெரிந்திருக்கும், விட்டுவிடுவோம் என்று ஒரு கணம் நினைத்தேன். மறுநாள் காலை எழுந்து முட்டை அவித்துப் பால்கஞ்சியும் காய்ச்சினேன். சுண்டெலியின் இளமையில் தொடங்கிய உணவுக் குறைப்பை, தசை கரைந்துகொண்டிருக்கும் 82 வயது மனிதருக்குப் பொருத்த எனக்கு எந்த நியாயமும் இல்லை. அவர் உடல் நீர்மட்டத்தைத் தாழ்த்தியிருக்கலாம். அதற்காக வரும் நீரையும் நாங்கள் அடைக்க வேண்டுமென்பதில்லை. அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். அம்மா மூன்றாவதை ஊட்டினார்.

அவரை நினைக்கும்போது எனக்கு ஆறுதலாக இருக்கும் ஒரு விடயம், மெலிவை நான் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன் என்பதுதான். அந்த மெலிவில் தோல்வியும் இருந்தது, எண்பது வருடப் பழுதைச் சுமந்த கலங்கள் செய்த சிக்கனமும் இருந்தது.

உணவைக் குறைத்தால் திருத்தம் குறைந்த சுண்டெலிக்கு என்னதான் நன்மை என்ற கேள்விக்கு அந்த ஆய்விலேயே ஒரு விடை இருக்கிறது. வகுப்பில் அதை விளக்குவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பரம்பரை அலகுகள் எல்லாம் ஒரே நீளமல்ல. சில ஆயிரம் மூலங்களில் முடிபவையும் உண்டு, பல இலட்சம் மூலங்கள் நீள்பவையும் உண்டு. அவற்றை வாசித்துப் பிரதியெடுக்கும் நொதியம் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை இழையின் மீது போக வேண்டும். வழியில் திருத்தப்படாத ஒரு பழுது இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பழுது எங்கே விழும் என்பதற்கு ஒழுங்கு இல்லை. ஆகவே நீளமான அலகில் பழுது விழுந்திருப்பதற்கான வாய்ப்பும் அதிகம். இஆர்சிசி1 குறைந்த சுண்டெலிகளின் ஈரலில், வயது ஏற ஏற நீளமான அலகுகளின் குரலே முதலில் அடங்கிப்போயிருந்தது. இயல்பாக முதுமையடையும் இழையங்களிலும் அதே சாயலைக் கண்டார்கள். உணவு குறைத்து வளர்த்தவற்றில் அந்த அடங்கல் பெருமளவு தடுக்கப்பட்டிருந்தது. அனுசேபம் தணிந்த உடலில் புதிதாகப் பழுது விழுவது குறைந்திருக்கிறது, அதனால் வாசிப்பு கடைசிவரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதே ஆய்வாளர்கள் எடுத்த முடிவு.

கரும்பலகையில் ஒரு குட்டைக் கோடும் ஒரு நீளக் கோடும் போட்டு, இரண்டின் மீதும் கண்ணை மூடிக்கொண்டு சோக்கால் புள்ளிகள் குத்திக் காட்டினேன். நீளக் கோட்டில்தான் புள்ளிகள் அதிகம் விழுந்தன. கேள்வி கேட்ட அதே பிள்ளை, இம்முறை எழுந்து நிற்காமல், இருந்தபடியே சொன்னாள்:

"எங்கட வயல் வாய்க்காலின்ர கடைசி வயல், ரீச்சர். எங்க உடைஞ்சாலும் முதல் தண்ணி நிக்கிறது எங்களுக்குத்தான்."

பிறகு கோட்டின் நீளம் இரண்டு மடங்கானால் வாய்ப்பு எத்தனை மடங்காகும் என்று கணக்குப் போட வகுப்பு முழுவதும் கொப்பியைத் திறந்தது.